ஆறு நிமிட வீடியோவும் வேப்பங்கொட்டை நிழலும்

2023 செப்டம்பரில் வியாழனைப் படம் எடுக்க ஆரம்பித்தேன். நவம்பர் பாதி வரை என் படங்கள் ஏன் ஒரு மாதிரி வழுவழுவென்று வருகின்றன என்று எனக்குப் புரியவே இல்லை. புரிந்த அன்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தவறு தொலைநோக்கியிலும் இல்லை, கேமராவிலும் இல்லை, காற்றிலும் இல்லை. நான் ஒவ்வொரு வீடியோவையும் ஆறு நிமிடம் ஓடவிட்டிருந்தேன், அவ்வளவுதான். அந்த வருடம் வியாழன் எதிர்நிலைக்கு வந்தது, அதாவது பூமிக்கு நேர் இந்தப் பக்கம் சூரியன், அந்தப் பக்கம் வியாழன் என்று நின்றது, நவம்பர் 3-ல். அடுத்த முறை அப்படி வர பதின்மூன்று மாதம் ஆகும். அந்த நல்ல காலத்தின் பெரும்பகுதியை நான் வீணடித்த கதை இது.

முதலில் அந்த ஆறு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது முட்டாள்தனமாகத் தோன்றினாலும் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. என்னிடம் இருப்பது 8 அங்குல ஷ்மிட்-காசெகிரேன் வகைத் தொலைநோக்கி. குவியத் தூரம் 2 மீட்டர் சொச்சம், 2 மடங்கு பார்லோ லென்ஸ் போட்டால் 4 மீட்டரைத் தொடும். கேமரா 2.9 மைக்ரான் பிக்சல் கொண்ட கலர் கேமரா. கோள்களை ஒற்றைப் புகைப்படமாக யாரும் எடுப்பதில்லை. ஆயிரக்கணக்கான ஃபிரேம்கள் உள்ள வீடியோவாக எடுத்து, காற்று அசையாமல் நின்ற நொடிகளில் விழுந்த ஃபிரேம்களை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம். ஸ்டாக்கிங் என்பது அதுதான். எத்தனை ஃபிரேமை அடுக்குகிறோமோ அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இரைச்சல் குறையும். நாலு மடங்கு ஃபிரேம் என்றால் பாதி இரைச்சல். பத்தாயிரம் ஃபிரேமாவது இருந்தால் நல்லது என்று படித்திருந்தேன். என் கேமராவோ விநாடிக்கு 30 ஃபிரேம்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. பத்தாயிரத்தை முப்பதால் வகுத்தால் ஐந்தரை நிமிடம். சரி, ஆறு நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். விநாடிக்கு 30 ஃபிரேம்தான் ஏன் வருகிறது என்று கேட்க அப்போது தோன்றவில்லை. அதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

படங்கள் வந்தன. முதல் பார்வைக்கு மோசமும் இல்லை. வியாழனின் இரண்டு பெரிய பட்டைகள் கத்தியால் வெட்டியது போல நறுக்கென்று இருந்தன. அதனால்தான் ஏமாந்தேன். பட்டைகள் நறுக்கென்று இருக்கின்றன, ஆகவே ஃபோகஸ் சரி என்று நினைத்தேன். ஆனால் வியாழனின் பெரும் புயலான பெருஞ்சிவப்புப் புள்ளியின் இரண்டு முனைகளும் கரைந்து பட்டையோடு பட்டையாக ஓடியிருந்தன. பட்டைகளுக்கு நடுவே மற்றவர்கள் படங்களில் சுருள் சுருளாகத் தெரியும் மேகங்கள் என் படத்தில் வெறும் கோடுகளாக இருந்தன. வியாழன் கிழக்கு மேற்காகச் சுழல்கிறது. பட்டைகளும் அதே திசையில்தான் ஓடுகின்றன. ஆகவே சுழற்சியால் வரும் இழுவை பட்டையின் விளிம்பைத் தொடாது, பட்டைக்குள் இருப்பதை மட்டும் தேய்த்துவிடும். ஃபோகஸ் தவறினாலோ, காற்று கெட்டாலோ, கண்ணாடிகள் நேராக இல்லாவிட்டாலோ, மங்கல் இப்படி ஒரே திசையில் ஒழுங்காக வராது. மங்கல் பட்டைகளின் திசையில் மட்டும் இருந்தால் முதலில் வீடியோவின் நீளத்தைச் சந்தேகியுங்கள். இந்த ஒரு வரியை எனக்கு யாராவது செப்டம்பரில் சொல்லியிருக்கலாம்.

யாரும் சொல்லவில்லை என்பதால் நான் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். முதலில் காலிமேஷன், அதாவது கண்ணாடிகளை நேராக்குவது. இரண்டு வாரம், தெளிவான இரவுகளில் பாதி நேரம், ஒரு நட்சத்திரத்தை ஃபோகஸ் தள்ளி வைத்து வளையங்களைப் பார்த்து மூன்று திருகுகளையும் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பிக்கொண்டே இருந்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. திருகித் திருகிக் கெடுத்து, பிறகு பழையபடி கொண்டுவந்தேன். அடுத்து பார்லோ மேல் பழி. விலை கூடிய வேறொன்று வாங்கினேன். அப்புறம் வளிமண்டல நிறப்பிரிகையைச் சரிசெய்யும் ஏடிசி. கோள் தாழ்வாக இருக்கும்போது அது அருமையான பொருள், நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வியாழன் உச்சிக்குப் பக்கத்தில் நின்றது, அங்கே அதற்குச் செய்ய ஒன்றுமே இல்லை. இரண்டுக்குமாக அரை மாதச் சம்பளம் போனது. படத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வீட்டில் யாரும் கேட்கவில்லை என்றாலும் அந்தப் பெட்டிகளைக் கொஞ்ச நாள் கட்டிலுக்கு அடியில்தான் வைத்திருந்தேன்.

நவம்பர் நடுவில் ஓர் இரவு அயோ நிலவின் நிழல் வியாழன் மேல் கடக்கும் நேரத்தைப் பார்த்துவைத்து மாடிக்குப் போனேன். காற்று அருமையாக இருந்தது. திரையில் நேரடிப் படத்திலேயே கறுப்புப் பொட்டாக நிழல் தெரிந்தது, மை வைத்தது போல. வழக்கம்போல ஆறு நிமிடம் எடுத்தேன். உள்ளே வந்து அடுக்கிப் பார்த்தால் அந்த வட்டப் பொட்டு வேப்பங்கொட்டை போல நீண்டு கிடந்தது. பக்கத்தில் பட்டை சில இடங்களில் கிழிந்து ஒட்டவைத்தது போல இருந்தது. பொட்டு நீளமாக இருக்க முடியாதே! அயோ உருண்டை, அதன் நிழல் வியாழன் நடுவே விழும்போது வட்டமாகத்தான் இருக்க வேண்டும். வீடியோவைத் திறந்து முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நிழல் தாவியது. நிழல் மட்டுமா, சின்னச் சின்ன மேகத் திட்டுகள் எல்லாமே தாவின. இரண்டரை மாதத்தில் ஒருமுறைகூட நான் முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் ஒப்பிட்டதில்லை. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழலும் என்பது பள்ளிக்கூடப் பாடம். தெரியாமல் இல்லை. பத்து மணி நேரம் என்றதும் மனம் அதை மெதுவான ஒன்றாக எடுத்துக்கொண்டுவிட்டது. 1665-ல் காசினி கண்ணால் பார்த்தே அதன் சுழற்சியை 9 மணி 56 நிமிடம் என்று கணக்கிட்டார். நான் கேமராவும் கணினியும் வைத்துக்கொண்டு அது சுழல்வதைக் கவனிக்கவில்லை.

அன்று இரவே கணக்குப் போட்டேன். கடினமான கணக்கு இல்லை. கோளின் தோற்ற விட்டத்தை விகலையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க் செகண்ட் என்பதைத்தான் விகலை என்கிறேன், ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு. நேர விநாடியோடு குழம்பக் கூடாது என்பதற்காக இந்தச் சொல். அதை 3.14-ஆல் பெருக்கி, சுழற்சி நேரத்தை நிமிடமாக்கி வகுத்தால், வட்டின் நடுவில் இருக்கும் ஒரு புள்ளி நிமிடத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்பது வந்துவிடும். அப்போது வியாழன் 49 விகலை. சுழற்சி 9 மணி 55 நிமிடம், அதாவது 595 நிமிடம். விடை 0.26 விகலை. ஆறு நிமிடத்தில் ஒன்றரை விகலைக்கு மேல். என் கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 0.15 விகலை, ஆகவே பத்துப் பிக்சல் தூரம் மேகங்கள் ஓடியிருக்கின்றன. 8 அங்குலத் தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய அளவு, டாஸ் வரம்பு, 116-ஐ மில்லிமீட்டர் விட்டத்தால் வகுத்தால் 0.57 விகலை. என் கருவி காட்டக்கூடியதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு நான் தேய்த்திருக்கிறேன். இதற்கு மேல் எந்த பார்லோவை மாற்றி என்ன பயன்?

எவ்வளவு நகர்ந்தால் பரவாயில்லை என்பதற்கு ஒரே விடை கிடையாது. நான் வைத்துக்கொண்டது இது: மொத்த நகர்வு டாஸ் வரம்பில் பாதிக்குள் இருந்தால் கவலையே வேண்டாம், முழு வரம்பைத் தாண்டினால் நிச்சயம் தெரியும். என் கருவிக்கு, 49 விகலை வியாழனுக்கு, இது 66 விநாடியிலிருந்து 132 விநாடி வரை. இதே கணக்கில் 5 அங்குலத் தொலைநோக்கிக்கு மேல் வரம்பு மூன்றரை நிமிடம், 14 அங்குலத்துக்கு 76 விநாடிதான். பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர் குறைவான நேரமே எடுக்க முடியும் என்பது முதலில் எனக்கு விசித்திரமாகப் பட்டது. காற்றும் அப்படித்தான். நல்ல காற்றில் நுணுக்கம் தெரியும், ஆகவே இழுவையும் சீக்கிரம் தெரியும். மோசமான காற்றில் ஒரு விகலைக்குக் கீழே எதுவுமே தெரியாது, அங்கே மூன்று நிமிடம் ஓடவிட்டாலும் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் செய்தது நேர் எதிர். காற்று நன்றாக இருந்த இரவுகளில் ஆசைப்பட்டு ஏழு எட்டு நிமிடம்கூட எடுத்திருக்கிறேன். கெட்ட இரவில் சலித்துப்போய் இரண்டு நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறேன். அந்தக் கெட்ட இரவுப் படங்கள் சில, நல்ல இரவுப் படங்களைவிட நன்றாக வந்தது ஏன் என்று பலநாள் மண்டையைக் குடைந்தது, விடை இதுதான்.

ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற அடுக்கும் நிரல்கள் வட்டின் மேல் பல சின்னக் கட்டங்களை வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக இழுத்துப் பொருத்தும், அதனால் கொஞ்சம் சுழற்சியை அதுவே விழுங்கிவிடும், உண்மைதான். அதை நம்பித்தான் பலர் மூன்று நிமிடம் வரை போகிறார்கள். ஆனால் எதைப் பார்த்துப் பொருத்துகிறது? தொடக்கத்தில் அதே வீடியோவின் நல்ல ஃபிரேம்களைச் சராசரி எடுத்து ஒரு மாதிரிப் படம் செய்துகொள்கிறது. வீடியோ நீளமானால் அந்த மாதிரியே தேய்ந்துபோகிறது. தேய்ந்த மாதிரியைப் பார்த்து வரைந்தால் சித்திரமும் தேய்ந்துதான் இருக்கும். என் படத்தில் நிழலுக்குப் பக்கத்தில் பார்த்த கிழிசல் இதன் விளைவு. சில கட்டங்கள் நிழலைத் துரத்திப் போயிருக்கின்றன, சில போகவில்லை.

இனி நான் தலையில் கை வைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஆறு நிமிட வீடியோவைத் துண்டு துண்டாக வெட்ட முடியும். கோள் வீடியோ பதிவாகும் எஸ்இஆர் கோப்பில் இந்த ஃபிரேமிலிருந்து அந்த ஃபிரேம் வரை மட்டும் தனியாகச் சேமித்துத் தர இலவச நிரல்கள் இருக்கின்றன. ஆக, இரண்டரை மாத உழைப்பும் போகவில்லை, எல்லாவற்றையும் ஒன்றரை நிமிடத் துண்டுகளாக வெட்டி மறுபடி அடுக்கினால் போதும் என்று ஒரு நிமிடம் துள்ளினேன். அடுத்த நிமிடம் ஞாபகம் வந்தது. மூல வீடியோக்களை நான் அழித்துவிட்டேன். சென்சரின் முழுப் பரப்பையும், 1920-க்கு 1080, பதிவு செய்துகொண்டிருந்ததால் ஒரு ஆறு நிமிட வீடியோ 22 ஜிபி. ஒரு ராத்திரி இருபது வீடியோ எடுத்தால் கணினியின் வட்டு நிறைந்துவிடும். அதனால் அடுக்கி முடித்ததும் மூலத்தை அழித்து, தேய்ந்துபோன முடிவுப் படத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன்! ஏறக்குறைய முப்பது இரவுகள். அன்றைய நிழல் வீடியோவும், ஒரு பழைய வட்டில் மறந்துபோய் விட்டிருந்த இரண்டும்தான் மிச்சம். எதை அழித்தாலும் ஒரு சீசன் முடியும் வரை நல்ல இரவின் மூல வீடியோக்களில் கை வைக்காதீர்கள். உங்கள் திறமை ஆறு மாதத்தில் மாறும், அப்போது அவற்றிலிருந்து வேறு படம் எடுக்கத் தெரியும்.

அடுத்து விநாடிக்கு 30 ஃபிரேம் ஏன் என்ற கேள்வி. கெயினை, அதாவது கேமரா வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவை, ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகும் என்று பயந்து அதைத் தரையில் வைத்திருந்தேன். அதை ஈடுகட்ட ஒரு ஃபிரேமுக்கு 30 மில்லிவிநாடி வெளிச்சம் வாங்க வேண்டியிருந்தது. முப்பது மில்லிவிநாடி ஒரு ஃபிரேமுக்கு என்றால் விநாடிக்கு 33-க்கு மேல் எந்தக் கேமராவாலும் தர முடியாது. அதோடு 30 மில்லிவிநாடிக்குள் காற்று ஒரு குலுக்குக் குலுக்கிவிடும், ஒவ்வொரு ஃபிரேமும் பிறக்கும்போதே கொஞ்சம் கலங்கிப் பிறக்கும். கெயினை ஏற்றி 8 மில்லிவிநாடிக்கு இறங்கினேன். பதிவாகும் பரப்பையும் வியாழனைச் சுற்றி 640-க்கு 480 என்று வெட்டினேன், நிலவுக்குக் காத்திருக்காத இரவுகளில் அது தாராளம். விநாடிக்கு 120 ஃபிரேம் வந்தது. 90 விநாடியில் 10,800 ஃபிரேம். முன்பு ஆறு நிமிடத்தில் எடுத்ததும் சரியாக அதே 10,800 தான். வட்டிலும் 22 ஜிபிக்குப் பதில் மூன்றேகால் ஜிபி. தனி ஃபிரேமைப் பார்த்தால் புள்ளியும் பொரியுமாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள், அதை அடுக்கத்தானே போகிறோம். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஃபிரேம் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் 90 விநாடியில் வந்து சேரும் ஒளி ஆறு நிமிட ஒளியில் கால் பங்குதான். இரைச்சல் அந்த அளவுக்குக் கூடத்தான் செய்யும்.

அதை உணர்ந்துகொள்ளும் முன்பே நான் மறு ஓரத்துக்கு ஓடியிருந்தேன். சூடு கண்ட பூனை போல, முப்பது விநாடி மட்டும் எடுக்கலாம் என்று ஒரு வாரம். 3,600 ஃபிரேம், அதில் சிறந்த 20 சதவீதம் 720. இழுவை சுத்தமாக இல்லை, ஆனால் கூர்மையாக்கப் போனால் வியாழன் முகம் முழுக்க உப்புத்தாள் தேய்த்த மாதிரி ஆனது. இன்னொரு சிக்கலும் இருந்தது. காற்று ஒரே சீராக இருக்காது, அலை அலையாக வரும். முப்பது விநாடியும் ஒரு கெட்ட அலைக்குள் விழுந்தால் பொறுக்க ஒரு நல்ல ஃபிரேமும் இருக்காது. ஒன்றரை நிமிடத்தில் எப்படியும் ஒரு நல்ல அலை வந்துபோகும். குறைந்தால் நல்லது, இன்னும் குறைந்தால் இன்னும் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கருவி தாங்கும் மேல் வரம்பைக் கணக்கிட்டு அதற்குச் சற்றுக் கீழே நில்லுங்கள். நான் நிற்கும் இடம் 90 விநாடி.

போன ஒளியைத் திரும்பப் பெறும் வழி டீரொட்டேஷன், சுழற்சி நீக்கம். ஆறு நிமிடத்தை நாலாக வெட்டி, நாலு வீடியோவையும் தனித்தனியே அடுக்கி, நாலு முடிவுப் படங்களையும் வின்ஜூபோஸ் நிரலிடம் கொடுத்தால், ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட நேரத்தைப் பார்த்து வட்டை ஓர் உருண்டையாகக் கருதித் திருப்பி, எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். நான் செப்டம்பரிலிருந்து எடுத்த அதே ஆறு நிமிடம்தான், அதே அளவு ஒளிதான். நாலு இடத்தில் நிறுத்தி நிறுத்தி எடுத்தால் போதும் என்று தெரியாமல் போயிற்று. ஒரு வீடியோவுக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து விநாடிக்கு மேல் விடாதீர்கள், கேமராவை நடுவில் திருப்பவே திருப்பாதீர்கள். ஆறு அல்லது ஏழு வீடியோ வரை, பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள், நன்றாக வருகிறது. அதற்குள் வியாழன் ஏழு பாகை திரும்பியிருக்கும். அதற்கு மேல் போனால் ஒரு விளிம்பில் இருந்தது மறைந்து மறு விளிம்பில் புதியது வந்திருக்கும், அந்த இடங்களில் இருண்ட கோடு விழும். முழு வீடியோவையே ஃபிரேம் ஃபிரேமாகச் சுழற்சி நீக்கும் வசதியும் அதே நிரலில் இருக்கிறது. நான் இரண்டு முறை முயன்று, வட்டு இடமும் பொறுமையும் தீர்ந்து விட்டுவிட்டேன்.

இதில் நான் இடறிய இடம் கோப்பின் பெயர். அந்த நிரல் எதிர்பார்ப்பது உலக நேரம், அதாவது கிரீன்விச் நேரம், அதுவும் வீடியோவின் நடு நேரம், அதுவும் நிமிடத்தில் பத்தில் ஒரு பங்காக. 15 மணி 32 நிமிடம் 30 விநாடி என்றால் 1532_5. நான் முதலில் 1532_3 என்று எழுதினேன், முப்பது விநாடி என்ற நினைப்பில். வீடியோவைப் பதிவு செய்யும் ஃபயர்கேப்சர் நிரலில் பெயரை இந்த முறையிலேயே வைக்கச் சொல்லி ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. நடு நேரத்துக்குப் பதில் எல்லாவற்றிலும் ஆரம்ப நேரத்தை எழுதினாலும், எல்லா வீடியோவும் ஒரே நீளமாக இருந்தால் இடைவெளிகள் மாறாது, படம் கெடாது. 60 விநாடியும் 120 விநாடியும் கலந்து எடுத்துவிட்டு ஆரம்ப நேரம் எழுதினால்தான் வினை. ஒரு தொகுப்பில் எல்லாம் ஒரே நீளம் என்று நான் வைத்துக்கொண்டது அதனால்தான். கணினிக் கடிகாரம் ஒரு நிமிடம் தள்ளி ஓடினால்கூட சேர்ப்பதற்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் அந்தப் படத்தை வைத்துப் பெருஞ்சிவப்புப் புள்ளி எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று அளக்கப் போனால் அரை பாகைக்கு மேல் தவறும். இதையெல்லாம்விட முக்கியம், படத்தின் மேல் வைக்கும் வட்டச் சட்டம் விளிம்போடு பொருந்த வேண்டும். வியாழனின் விளிம்பு ஓரத்தில் இருண்டு போவதால் வட்டு உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும், வெளிச்சத்தை ஏற்றிவைத்துப் பொருத்துங்கள்.

அந்த மூன்று வீடியோக்களில் பழைய வட்டில் கிடந்த ஒன்று அக்டோபர் மாதத்தது. நாலாக வெட்டினேன், துண்டுக்கு 2,700 ஃபிரேம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்க ரொம்ப சுமார்தான். நாலையும் சுழற்சி நீக்கிச் சேர்த்தபோது பெருஞ்சிவப்புப் புள்ளிக்குப் பின்னால் அலையலையாகக் குழம்பும் மேகங்கள் வந்து நின்றன. என் தொலைநோக்கி அதை அக்டோபரிலேயே பார்த்திருக்கிறது. சத்தியமாக அழுகை வந்துவிட்டது, பாதி சந்தோஷத்தில், பாதி அந்த முப்பது இரவுகளை நினைத்து.

மற்ற கோள்களுக்கு இந்த அவசரம் இல்லை. சனி ஏறக்குறைய வியாழன் வேகத்தில்தான் சுழல்கிறது, பத்தரை மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆனால் வட்டு 19 விகலைதான், ஆகவே நகர்வு நிமிடத்துக்கு 0.09 விகலை. என் கருவியில் ஐந்து நிமிடம் தாராளமாக ஓடவிடுகிறேன், மங்கலான கோள் என்பதால் அந்த நேரம் தேவையும்கூட. வளையங்கள் சுற்றுவது படத்தில் தெரியாது, எங்கும் ஒரே மாதிரி இருப்பதால். வட்டில் ஏதாவது வெண்புயல் புள்ளி இருக்கும் வருடத்தில் மட்டும் மூன்று நிமிடத்துக்கு இறங்குங்கள். செவ்வாய் 24 மணி 37 நிமிடம், 2025 ஜனவரி எதிர்நிலையில் வட்டு பதினாலரை விகலை. கணக்குப்படி பதினெட்டு நிமிடம் வரை போகலாம், நான் ஐந்தோடு நிறுத்தினேன், அதற்கு மேல் ஃபோகஸ்தான் நகர்கிறது. வெள்ளி, யுரேனஸ், நெப்டியூனுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. கருப்பு வெள்ளைக் கேமராவில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றி எடுப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: நிறத்துக்கு ஒரு நிமிடம் என்று எடுத்தாலும் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே இரண்டு நிமிடம் ஓடிவிடும், வியாழனில் அது அரை விகலை. மேகத் திட்டுகளின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கசிந்தால் அதுதான் காரணம். மூன்றையும் ஒரே நேரத்துக்குச் சுழற்சி நீக்கிவிட்டுக் கலக்க வேண்டும்.

நிலவோ அதன் நிழலோ வட்டின் மேல் இருக்கும் இரவுகள் மட்டும் இன்னும் எனக்குத் தொல்லைதான். அயோ விநாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, வியாழனின் நடுக்கோட்டு மேகங்கள் 12.6. இரண்டும் ஒரே திசையில், ஆனால் அயோ முந்துகிறது. ஆகவே வியாழன் மேகங்களைச் சரியாகத் திருப்பிச் சேர்த்தாலும் அயோவும் நிழலும் கொஞ்சம் நீண்டே நிற்கும். கனிமீடு என்ற இன்னொரு நிலவு மேகங்களைவிட மெதுவாகப் போவதால் அது பின்தங்கி நீளும். அந்த இரவுகளில் 60 விநாடிக்கு மேல் ஒரு வீடியோவையும் விடுவதில்லை. சேர்த்த படத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, நடு நேரத்தில் எடுத்த ஒற்றை வீடியோவிலிருந்து நிலவையும் நிழலையும் மட்டும் வெட்டி அதன் மேல் ஒட்டுகிறேன். இப்படி ஒட்டியது என்று படத்தோடு எழுதியும் வைக்கிறேன். முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதை இப்போது அடுக்கத் தொடங்கும் முன்பே செய்துவிடுகிறேன், பத்து விநாடி வேலை.